புதுசைக் கொடுத்துப் பழசை எடுத்தவன்

அத்தியாயம் 11

கடையில் சாமான் திருடு போனால் கூச்சல் போடலாம், போலீசுக்குப் போகலாம். "பழசைக் குடுத்தேன், புதுசைத் திருப்பிக் குடுத்திருக்கீங்க" என்று ஒரு மனுஷர் வந்து முறையிட்டால் என்ன செய்வது? சிரிப்பதா, அழுவதா?

சென்ற வாரம் பஸ் டிரைவர் தன் கம்ப்யூட்டர் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துத் தூக்கி வந்தார். மேஜைமேல் வைத்து, "எனக்கு இது வேண்டாம்" என்றார். திருப்புளி இன்னும் அந்தப் பெட்டியைப் பார்த்தபடிதான் நிற்கிறாள்.

இந்த வாரம்தான் வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கொண்டையில் எப்போதும் ஒரு திருப்புளியைச் செருகியிருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். கம்ப்யூட்டர் கடை அவளுடையது. சரக்கு எடுப்பதும் சர்வீஸ் அறையும் தம்பி பொறுப்பு. கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்களுக்குக் கிராபிக்ஸ் கார்டுதான் உயிர்நாடி, திரையில் படத்தை ஓட்டுவது அதுதான். அந்தக் கார்டுகளைத்தான் கொஞ்ச காலமாக, கம்ப்யூட்டர் போடும் கணக்கால் கிடைக்கிற கிரிப்டோ காயின் என்ற காசைத் தோண்டுகிறவர்கள் மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போகிறார்கள். விளையாடச் செய்த கார்டு அவர்கள் வீட்டில் ராப்பகலாகக் கணக்குப் போட்டே சாகிறது. விளையாடுகிறவன் கடை கடையாக ஏறி இறங்குகிறான்.

அதனால் திருப்புளி ஒரு சட்டம் போட்டாள். தலைக்கு ஒரு கார்டுதான். அதையும் கையில் தரமாட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும், அவளே மாட்டுவாள். மாட்டிவிட்டு, கார்டின் முதுகிலுள்ள ஒரு திருகாணித் தலையில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைப்பாள். அதுதான் கடைப் பொட்டு. பொட்டோடு வந்தால் ஆயுசுக்கும் சர்வீஸ் இலவசம். அந்தப் பாலிஷ் குப்பி அவள் கைப்பையை விட்டு வெளியே வராது. காத்திருக்கிறவர்கள் வரிசையும் அவள் தலைக்குள்ளேதான் இருக்கிறது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் யாருக்குப் பின்னால் யார் என்று சொல்லுவாள்.

வரிசையில் முதல் ஆள் நெட்டை. பேக்கரியில் விடியற்காலையில் மாவு பிசைகிறவள், திருப்புளியின் மகள் விளையாடும் அதே அணிக்காரி. அந்த அணிக்கு இன்று சாயங்காலம் தேர்வு ஆட்டம். நெட்டையின் பழைய கார்டு ஆட்டத்தின் நடுவில் மாடு மாதிரி நின்றுவிடும். இன்றைக்கும் நின்றால் அணியில் அவளுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். காலையில்கூட கடைக்குப் போன் பண்ணினாள்.

"ஆன்ட்டி, வந்துச்சா?"

"வரலைம்மா. வந்தா முதல் கார்டு உனக்குத்தான்."

வாரக்கணக்கில் இதே கேள்வி, இதே பதில்.

சரி, டிரைவருக்கு வருவோம்.

"என்னண்ணே வேண்டாங்கறீங்க?"

"உள்ள இருக்கிற கார்டு. அது என்னோடது இல்ல."

நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் இளைப்பாறுவதற்காகக் கம்ப்யூட்டரில் கார் ஓட்டுகிற மனுஷர் அவர். எதையும் நிதானமாகத்தான் சொல்லுவார்.

"தூசி தட்டித் தாங்கன்னு உங்க தம்பிகிட்ட விட்டுட்டுப் போனேன். என் கார்டுல விசிறி ஓரத்துல எங்க வீட்டுப் பூனை கடிச்ச தடம் இருக்கும். இதுல இல்ல. பளபளன்னு இருக்கு. வண்டி நல்லாத்தான் ஓடுது, குத்தம் சொல்ல முடியாது. ஆனா நாளைக்கு ஒருத்தன் வந்து என்னோடதுன்னு என் சட்டையைப் பிடிச்சா நான் என்ன சொல்றது? பஸ்ல யாராவது குடையை விட்டுட்டுப் போனாகூட டெப்போல குடுத்துட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன்."

திருப்புளி கொண்டையிலிருந்து திருப்புளியை உருவினாள். பக்கத் தகட்டைக் கழற்றி விளக்கைப் பிடித்தாள். பூனையின் பல் தடத்தை விடுங்கள், அவளுடைய பொட்டே அதில் இல்லை. கார்டின் மூலையில் பூட்டுக் குறி மட்டும் இருந்தது.

அந்தப் பூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோண்டுகிறவர்கள் தொல்லை தாங்காமல் கார்டு செய்கிற கம்பெனி சமீபத்தில் ஒரு வேலை செய்தது. புதுக் கார்டுகளுக்குள் ஒரு பூட்டை வைத்தது. விளையாடினால் கார்டு முழு வேகத்தில் ஓடும், காயின் தோண்ட ஆரம்பித்தால் மோப்பம் பிடித்துப் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். இனிமேல் அவர்கள் இந்தப் பக்கமே வரமாட்டார்கள் என்று திருப்புளிக்குத் தலைகால் புரியவில்லை. அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாள். எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டினவன் தம்பிதான்.

புதுசைக் கொடுத்துவிட்டுப் பழசை எடுத்துக்கொள்கிற பைத்தியக்காரன் எவன்? பூட்டில்லாத பழசுதான் வேண்டும் என்கிறவன். அப்படிப்பட்டவன் ஊரில் ஒரே ஜாதிதான். தோண்டுகிறவன்.

அது சரி, புதுக் கார்டு தம்பிக்கு ஏது? வரவே இல்லை என்றல்லவா சொல்லிக்கொண்டிருந்தான்?

மொத்த வியாபாரிக்குப் போன் போட்டாள்.

"என்னம்மா, கிண்டல் பண்றியா?" என்றார் அவர். "உன் பங்கு வந்த ஒவ்வொரு தடவையும் உன் தம்பி வந்து கையோட எடுத்துட்டுப் போறாரே. போன வாரம்கூட வந்தாரு. கடையில நல்லா ஓடுதுன்னு சொன்னாரு."

திருப்புளி மேஜையை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். டப்பாவில் இருந்த திருகாணிகள் எல்லாம் துள்ளித் தரையில் உருண்டன. பாவம், டிரைவர் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்.

"வரலை வரலைன்னு இந்த வாயால எத்தனை பேருகிட்ட சொன்னேன்!" என்று அவள் கத்தியது எதிர்ப்பக்கத்து மருந்துக்கடை வரைக்கும் கேட்டது. "விடுங்கண்ணே, பொறுக்காதீங்க. நீங்க அந்தக் கார்டையே வெச்சுக்குங்க. உங்ககிட்ட இருந்து பிடுங்கறது நியாயமில்ல. பிடுங்க வேண்டிய இடம் வேற இருக்கு."

பொய் தம்பியுடையது, வாய் மட்டும் அவளுடையது. திருட்டைக்கூட மன்னித்திருப்பாளோ என்னவோ, இதை அவளால் மன்னிக்க முடியவில்லை. அந்தப் பொண்ணு மாவு ஒட்டின கையோடு போன் பண்ணிப் பண்ணிக் கேட்டதும், இவள் அனுதாபமாக உச்சுக் கொட்டினதும் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டன.

கடையைப் பூட்டினாள். பட்டப்பகலில் அந்தக் கடை பூட்டிக் கிடந்ததைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

*

தம்பி வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவள் தம்பி மனைவி. இடுப்பில் ஈரத்துணி வாளி, நெற்றியெல்லாம் வேர்வை.

"வாங்க அண்ணி! என்ன இந்த நேரத்துல? கடை லீவா?"

"அவன் எங்க?"

"குளிக்கிறார். மொத்த வியாபாரியைப் பார்க்கப் போகணும்னார். உக்காருங்க, இதோ இந்தத் துணியைப் போட்டுட்டு வந்துடறேன்." உள்ளறைக் கதவைத் தோளால் தள்ளினாள். "ஆபீஸ் சர்வரோ என்னமோ வெச்சிருக்கார். ராத்திரி பகல்னு இல்லாம ஓடுது. ஒரே சூடு. இது குடும்பம் நடத்துற வீடா, செங்கச் சூளையான்னே தெரியல. நான் சமையக்கட்டுலதான் படுக்கறேன். ஒண்ணே ஒண்ணு, மழை நாள்ல துணி அரை மணியில காஞ்சிடுது. அந்தப் புண்ணியத்துக்குத்தான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன்."

கதவு திறந்ததும் அடுப்பங்கரைக் காற்று முகத்தில் அடித்தது. உள்ளே சுவரோரம் ஓர் இரும்பு அலமாரி, கதவு கிடையாது. தட்டுக்குத் தட்டு கார்டுகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டு இரைந்தன. மேலே கயிற்றில் தம்பியின் பனியன்கள் அந்தக் காற்றில் படபடத்தன.

திருப்புளி பனியன்களை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனாள். கிட்டப் போய்ப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கண்ணில் பட்ட கார்டுகளின் முதுகிலெல்லாம் ஒரு சிவப்புச் சொட்டு இருந்தது. மேல்தட்டில் விசிறி ஓரம் கடிபட்டிருந்த ஒன்று. அது டிரைவர் வீட்டுப் பூனையின் வேலை.

இத்தனை சாமர்த்தியம் செய்தவனுக்கு அந்தப் பொட்டை அழிக்கத் தோன்றவில்லை. அது களவு அடையாளம் என்றே அவனுக்குப் படவில்லை. நம்ம கடைப் பொட்டுதானே, அக்கா வைத்ததுதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கிறான். சொந்தத் தம்பியைத் தவிர வேறு எந்தத் திருடனும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான்.

"அக்கா?"

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவன் துண்டோடு அப்படியே நின்றுவிட்டான்.

"வாடா. சர்வரைப் பார்க்க வந்தேன்."

"அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு..."

"கேக்கறேன். நெட்டைக்கு நான் என்ன சொல்லணும்னு முதல்ல அதைச் சொல்லு. கார்டு வந்துச்சு, என் தம்பி பனியன் காயப் போடறதுக்கு எடுத்துக்கிட்டான்னு சொல்லட்டுமா?"

"நான் யாரை ஏமாத்தினேன்?" தம்பிக்கும் சூடு ஏறியது. "பழசைக் குடுத்தவங்களுக்குப் புதுசு குடுத்திருக்கேன். ஒரு ஆட்டத்துலயாவது அவங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சுதா? இன்னும் ரெண்டு வருஷம் சேர்த்து உழைக்கும். அவங்களுக்கு லாபம்தான்."

"வரிசையில நின்னவங்களுக்கு?"

தம்பி தலை துவட்டின துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். உடனே வேறு பேச்சுக்குத் தாவினான்.

"காசு குடுத்து வாங்கற சாமானுக்குள்ள பூட்டுப் போட கம்பெனிக்காரன் யாரு? கத்தி விக்கிறவன் இதுல தக்காளி மட்டும்தான் நறுக்கணும்னு சொல்லி அனுப்புவானா? என் கத்தி, நான் எதை வேணா நறுக்குவேன்."

"நறுக்கு. உன் ஒரு கத்தியை வெச்சுக்கிட்டு எதை வேணா நறுக்கு. ஊர்ல இருக்கிற கத்தியெல்லாம் அள்ளிக்கிட்டு வந்து ரூம்ல தொங்கவிட்டா மத்தவன் எதால நறுக்குவான்? பல்லாலயா?"

வாளியோடு நின்ற தம்பி மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் முறைத்ததும் அடக்கிக்கொண்டாள்.

"கம்பெனி மட்டும் ரொம்ப யோக்கியமோ? இந்தக் கார்டுக்குப் பூட்டுப் போட்டான். அந்தப் பக்கம் தோண்டறவங்களுக்குன்னே தனியா ஒரு கார்டு செஞ்சு வித்துக்கிட்டு இருக்கான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டறான். நீ அவனுக்குக் கை தட்டி டீ வாங்கிக் குடுத்தே!"

அது உண்மைதான். திருப்புளிக்கும் அது தெரியும், தெரிந்ததிலிருந்து அவளுக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. அதற்காகத் தம்பியிடம் ஒப்புக்கொள்வதற்கு அது நேரமில்லை.

"அவன் யோக்கியன்னு நான் எங்க சொன்னேன்? அவன் வியாபாரி. நீ என் தம்பி. அவன் பூட்டு அவன் இஷ்டம், என் சட்டம் உனக்குத் தெரியாதா? கடையில என் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, என் கையாலயே சோறு வாங்கித் தின்னுக்கிட்டு, வேலியே பயிரை மேஞ்ச மாதிரி மேஞ்சிருக்கியேடா! என்னை ஊர் முன்னால பொய் சொல்ற பொம்மையா ஆக்கிட்டியே!"

"சத்தம் போடாதே. அக்கம்பக்கம் கேக்கப் போகுது."

"கேக்கட்டும். எனக்கென்ன வெக்கம்? நீ இடுப்புத் துண்டைச் சரியாக் கட்டிக்கோ."

சுவரில் இருந்த பெரிய சுவிட்சை எட்டி அணைத்தாள்.

இரைச்சல் இறங்கி இறங்கி நின்றது. வீட்டில் அப்படியோர் அமைதி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்த தம்பி மனைவி, "அப்பாடா!" என்று வாய்விட்டுச் சொல்லி வாளியைக் கீழே வைத்தாள்.

"நீயும் அவளோட சேர்ந்துக்கிட்டியா?" என்றான் தம்பி அவளிடம்.

"ஆபீஸ் சர்வர்னு சொன்னீங்களே, அந்த ஆபீஸ் எங்க இருக்கு? அதைச் சொல்லுங்க முதல்ல," என்றாள் அவள். இவளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அதை அவள் பிறகு தீர்த்துக்கொள்வாள்.

தம்பி அக்கா பக்கம் திரும்பினான். "அணைச்சுட்டா ஆச்சா? எத்தனை நாளைக்கு அணைப்பே? பூட்டைத் திறக்கிற சாப்ட்வேர் வரப்போகுது. வந்துட்டா உன் புதுக் கார்டும் தோண்டும். அப்ப உன் வரிசையை என்ன செய்வே?"

திருப்புளியின் கண் அலமாரியின் கீழ்த்தட்டில், சுவரை ஒட்டிய கடைசிக் கார்டில் நின்றுவிட்டது.

அந்தப் பொட்டு சிவப்பு இல்லை, பச்சை.

அவள் வாழ்க்கையில் பச்சைப் பொட்டு வைத்தது ஒரே ஒரு முறை. மகளின் பெட்டியில் கார்டு மாட்டிய அன்று சிவப்புக் குப்பி காய்ந்து கிடந்தது. மகளே தன் பச்சைக் குப்பியைக் கொண்டு வந்து, "எனக்கு மட்டும் தனிக் கலரும்மா" என்று குதித்தாள்.

"அடப்பாவி! குழந்தையோடதையுமாடா விட்டுவைக்கலை?"

இத்தனை நேரம் வாய்க்கு வாய் பேசினவன் இப்போது தரையைப் பார்த்தான்.

"இதை நான் எடுக்கலைக்கா. உன் தலைல அடிச்சு சத்தியம் பண்றேன். புதுசு தர்றேன், பழசைத் தர்றியான்னு கேட்டேன். பாப்பாவே கழட்டிக் கொண்டு வந்து குடுத்தா. அம்மாகிட்ட சொல்லாதீங்க மாமான்னும் அவதான் சொன்னா."

திருப்புளி அந்தக் கார்டை உருவினாள். சூடு இன்னும் தணியவில்லை. முந்தானையில் சுற்றிக்கொண்டாள். தம்பி மனைவி அறைக் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை அவள் கையிலேயே கொடுத்தாள்.

"வெச்சுக்குங்க அண்ணி. இன்னைக்கு நான் கட்டில்ல படுத்துக்கறேன்."

*

படியிறங்கியதும் திருப்புளி பேக்கரிக்குப் போன் பண்ணினாள்.

"நெட்டை, உன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வா. கடைக்கு இல்ல, வீட்டுக்கு. உடனே."

"கார்டு வந்துடுச்சா ஆன்ட்டி!"

"வா, சொல்றேன்."

வீட்டில் பாப்பா ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். இருபது வயதாகிறது, இன்னும் பாப்பாதான். ஹெட்போன் கழுத்தில் தொங்க, விரல்களைச் சொடுக்கெடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா சீக்கிரம் வந்துட்டே? என் ஆட்டத்தைப் பார்க்கவா?"

திருப்புளி முந்தானையைப் பிரித்து மேஜைமேல் கார்டை வைத்தாள். பச்சைப் பொட்டு மேலே தெரிகிற மாதிரி வைத்தாள்.

பாப்பாவின் முகம் வெளுத்துப்போயிற்று.

"மாமா கட்டாயப்படுத்தினானா?"

"இல்ல."

"அவன் குடுத்த புதுசு கடைச் சரக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. வேற எங்கேர்ந்தோ வாங்கினார்னு நினைச்சேன்."

"நினைச்சியா, கேட்டியா?"

"கேக்கலை."

"ஏன் கேக்கலை?"

பாப்பா ஹெட்போன் ஒயரை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடியும் சுற்றினாள்.

"கேட்டா தெரிஞ்சுடுமேன்னுதான்."

தம்பியின் பேச்சு அத்தனையும் திருப்புளியை இப்படிச் சுட்டதில்லை. கை ஓங்கவும் செய்தாள், இறக்கவும் செய்தாள்.

"வரலைம்மா, வரலைம்மான்னு நெட்டைகிட்ட நான் போன்ல சொல்லும்போதெல்லாம் நீ இந்த நாற்காலியிலதானே உக்காந்திருந்தே? அந்தப் புதுக் கார்டுலதானே விளையாடிக்கிட்டு இருந்தே? உன் கூட ஆடறவடீ அவ! அவ கார்டு நின்னு போனா உன் ஹெட்போன்லதானே அழுவா! கேட்டுக்கிட்டு எப்படி உக்காந்திருந்தே?"

"அம்மா, ப்ளீஸ். ஆட்டம் முடியட்டும். முடிஞ்சதும் நானே எல்லாத்தையும்..."

"எந்திரி."

"அம்மா!"

"எந்திரின்னேன்."

பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கினாள். பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே புதுக் கார்டு பளபளவென்று, பொட்டில்லாத நெற்றியோடு உட்கார்ந்திருந்தது. ஊரார் வீட்டுப் பெட்டிகளுக்குள் போனதைத் திரும்ப எடுக்க முடியாது. அவர்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள். தன் வீட்டில் இருப்பதை எடுக்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

புதுசை உருவி மேஜைமேல் வைத்துவிட்டு, அந்த இடத்தில் பச்சைப் பொட்டுக் கார்டைப் பொருத்தினாள். என்னதான் இருந்தாலும் பெற்ற மனசு. உன் பொருள் உனக்கு, அவள் பொருள் அவளுக்கு என்று இதோடு முடிந்துவிடாதா என்று ஓர் ஆசை இருந்தது.

பொத்தானை அமுக்கினாள். விசிறி ஒன்று கரகரவென்று உரசியது, இன்னொன்று சுற்றவே இல்லை. திரை வந்தது. வந்த வேகத்தில் கட்டம் கட்டமாக உடைந்து, பச்சையும் ஊதாவுமாகக் கலைந்து, கறுத்துப்போனது. இன்னொரு முறை அமுக்கிப் பார்த்தாள். மறுபடியும் கறுப்புத்தான். ராப்பகலாகத் தோண்டித் தோண்டி மாமா அதன் உயிரை எடுத்துவிட்டிருந்தார்.

"செத்துப்போச்சும்மா," என்றாள் பாப்பா சின்னக் குரலில்.

"ஆமா."

"அப்ப இன்னைக்கு நான் எப்படி ஆடறது?"

"வரிசையில நில்லு. எல்லாருக்கும் கடைசியில."

"நான் உன் பொண்ணும்மா!"

"தெரியும். அதனாலதான் உன்கிட்ட இருந்து பிடுங்க முடிஞ்சுது."

பாப்பா அழுதாள். திருப்புளி அழவில்லை. இந்தப் பெண் எட்டு வயதிலிருந்து விளையாடுகிற விளையாட்டு, கனவுகண்ட அணி, எல்லாம் தெரிந்தவள் அவள். தம்பி அந்த நேரம் கையில் கிடைத்திருந்தால் அந்தத் திருப்புளியாலேயே அவனை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப்போட்டிருப்பாள்.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

நெட்டை. ரொட்டி அடுக்குகிற பிளாஸ்டிக் கூடையில் கம்ப்யூட்டர் பெட்டியை வைத்து, பின் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஓட்டி வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. புருவத்தில் மாவு.

"நேரம் இருக்கா ஆன்ட்டி? ஆட்டத்துக்குள்ள முடிஞ்சுடுமா?"

"இருக்கு. இங்க வை."

திருப்புளி குனிந்து வேலையில் இறங்கினாள். கை மட்டும் பழக்கத்தில் ஓடியது. பழசைக் கழற்றி, தூசியை ஊதி, புதுசைப் பொருத்தித் திருகினாள். கைப்பையிலிருந்து குப்பியை எடுத்துத் திருகாணித் தலையில் ஒரு சொட்டு சிவப்பு வைத்தாள். பாப்பாவின் திரை ஒயரைச் செருகிப் பொத்தானை அமுக்கியதும் படம் சுத்தமாக, ஒரு நடுக்கமும் இல்லாமல் விரிந்தது.

நெட்டை கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. திருப்புளியைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அவள் உயரத்துக்குத் திருப்புளியின் கால் தரையில் படவில்லை.

"இறக்குடி, கொண்டை அவிழுது."

"பாப்பா, பார்த்தியா! இன்னைக்கு நாம ரெண்டு பேரும் சேர்ந்து எல்லாரையும் ஒரு வழி பண்ணிடலாம்! நீ என்ன இன்னும் உன் பெட்டியைத் திறந்து போட்டிருக்கே? ஆன் பண்ணலையா? உனக்கென்ன, கண்ணெல்லாம் சிவந்திருக்கு?"

பாப்பா குனிந்து செத்த கார்டைப் பெட்டியிலிருந்து உருவினாள்.

நெட்டை மறுபடியும் குனிந்து, கண்ணாடித் தகடு வழியே தன் கார்டை ஆசையாகப் பார்த்தாள். பிறகு ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்:

"இன்னைக்குத்தான் வந்துச்சா ஆன்ட்டி?"

திருப்புளி பாலிஷ் குப்பியின் மூடியைத் திருகினாள். ஓர் 'ஆமா' போதும். ஆட்டம் நடக்கும், சிநேகம் பிழைக்கும், பெண் தலை நிமிர்ந்து நடப்பாள். இத்தனை வாரமாகச் சொன்னது தெரியாமல் சொன்ன பொய். இப்போது சொன்னால் அது அவளுடைய சொந்தப் பொய்.

"அதைப் பாப்பாகிட்ட கேளு," என்றாள்.

பாப்பா செத்த கார்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். நெட்டை சிரித்த முகம் மாறாமல் அவள் பக்கம் திரும்பினாள்.